நீரை நகர்த்தும் பொறியாளர்: குடிநீர்த் துறையில் இயந்திரவியல் பட்டதாரி எங்கே தொடங்குவது?

இயந்திரவியல் படித்து முடிக்கும் பிள்ளைகளிடம் எந்தத் துறைக்குப் போவதாக உத்தேசம் என்று கேட்டால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வாகனத் தொழிற்சாலைகளைச் சொல்வார்கள். அது கிடைக்காவிட்டால் மென்பொருள் நிறுவனம் என்பார்கள். தண்ணீர்த் துறை என்று சொல்பவர்கள் குறைவு. தண்ணீர் என்றால் அணை, கால்வாய், தொட்டி. அவை சிவில் படித்தவர்களின் வேலை என்ற எண்ணம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. பேராசிரியர்களும் வேலைவாய்ப்பு அலுவலர்களும்கூட அப்படித்தான் வழிகாட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டின் குடிநீர், கழிவுநீர் அமைப்புகள் இயங்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் இந்த எண்ணம் தவறு என்று தெரியும். இந்தத் துறையில் இயந்திரவியலாளருக்கு என்ன வேலை இருக்கிறது, எந்தெந்த வழியில் உள்ளே நுழையலாம், ஒவ்வொரு வழியும் எதைக் கற்றுத்தரும், முதல் சில ஆண்டுகளை எங்கே செலவிடுவது நல்லது என்பவற்றை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

மேட்டுக்கு ஏற வேண்டிய நீர்

1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு நீர் வாய்க்கால் வழியே தானாக ஓடிவந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் உந்து நிலையமும் அமைந்தபோது சென்னையின் குடிநீர் இயந்திரத்தை நம்பத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெரிய திட்டமும் அந்த நம்பிக்கையின் அளவைக் கூட்டியே வந்திருக்கிறது. 2004-ல் முடிந்த வீராணம் திட்டம் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டரை ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாய் வழியே சென்னைக்குக் கொண்டுவருவதற்காக அமைக்கப்பட்டது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் இலக்கு, ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்குக் காவிரி நீரைத் தருவது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரி அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வாக ஓடுகிறது. அந்த உயர வேறுபாட்டைப் பம்புகள்தாம் ஒவ்வொரு நாளும் கடக்கின்றன.

நீரைத் தூக்குவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் இந்தத் துறையில் இயந்திரவியலாளரின் இடம் இன்னும் தெளிவாகும். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் நீரை மொத்த ஹெட் 100 மீட்டருக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இழப்பே இல்லாத இயந்திரம் இருந்தால் அதற்கு ஏறத்தாழ 2,725 யூனிட் மின்சாரம் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 75 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 3,630 யூனிட் ஆகும். இம்பெல்லர் தேய்ந்து, வேரிங் வளையத்தின் இடைவெளி கூடி, திறன் 60 சதவீதமாக இறங்கினால் சுமார் 4,540 யூனிட். நாளொன்றுக்கு 900 யூனிட்டுக்கு மேல் வீணாகிறது. ஆண்டுக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் ஒரே நீரேற்று நிலையத்தில் ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஊருக்குத் தண்ணீரும் போய்ச் சேர்கிறது என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. கவனித்துக் கண்டுபிடிக்கும் பயிற்சி இயந்திரவியல் படித்தவருக்குத்தான் இருக்கிறது.

கட்டடத்துக்கு 30, இயந்திரத்துக்கு 15

மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ. வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேடு, திட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் வடிவமைப்புக் காலம் குறித்திருக்கிறது. குழாய்ப் பாதைக்கும் நீரேற்று நிலையக் கட்டடத்துக்கும் 30 ஆண்டுகள். பம்புக்கும் மோட்டாருக்கும் 15 ஆண்டுகள். ஆக, கட்டடத்தின் ஆயுளுக்குள் இயந்திரங்களை ஒரு முறையாவது முழுமையாக மாற்றியாக வேண்டும். சிவில் பணிகளின் பெரும்பகுதி திட்டத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். இயந்திரவியல் வேலைக்கோ திட்டம் உயிரோடு இருக்கும்வரை முடிவில்லை.

இதற்கு இன்றைய பொருள் ஒன்று உண்டு. 2000-களில் கட்டிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் பம்புகள் இப்போது ஆயுளை முடித்துவிட்டன. 2019 ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தில் ஊர் ஊராக வீட்டிணைப்புகள் தரப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவுகோல். அந்தக் குழாய்களில் நீர் தொடர்ந்து வருமா என்பதைப் பம்புகளின் பராமரிப்புதான் தீர்மானிக்கும். அடுத்த இருபது ஆண்டுகளில் புதிதாகக் கட்டும் வேலையைவிட, கட்டியதை ஓட்டும் வேலையே பெரிதாக இருக்கும். துறைக்குள் நுழைய நினைக்கும் இளைஞர் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் செய்தி இது.

ஐந்து வாசல்கள்

முதல் வாசல் அரசுப் பணி. 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைத்துப் பராமரிக்கிறது. சென்னைக்கு 1978-ல் தனி வாரியம் வந்தது. மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் குடிநீர், பாதாளச் சாக்கடைப் பணிகள் இருக்கின்றன. உதவிப் பொறியாளர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வுகளை நடத்துகிறது. 2024-ல் நகராட்சி நிர்வாகம், குடிநீர் வழங்கல் துறைப் பணியிடங்களுக்கான தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. தேர்வை யார் நடத்துகிறார்கள் என்பது மாறக்கூடியது என்பதால் அறிவிக்கைகளை விடாமல் பார்த்துவர வேண்டும். உதவிப் பொறியாளரின் ஊதிய நிலையில் தொடக்க அடிப்படை ஊதியம் 37,700 ரூபாய், படிகள் தனி. பணிப் பாதுகாப்பும் பெரிய திட்டங்களின் பொறுப்பும் இந்த வாசலின் பலம். இயந்திரவியலுக்கான இடங்கள் சிவிலைவிடக் குறைவு. தேர்வுக்கென்று ஆண்டுகள் கழியலாம். பணியில் சேர்ந்த பிறகும் ஒப்பந்தப்புள்ளி, மதிப்பீடு, பட்டியல் என்று கோப்பு வேலை இயந்திரத்தை மறக்கச் செய்துவிடலாம். இவை அதன் குறைகள்.

இரண்டாவது வாசல் திட்டங்களைக் கட்டி ஓட்டும் ஒப்பந்த நிறுவனங்கள். எல் அண்டு டி-யின் நீர்ப் பிரிவு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வி.ஏ.டெக் வாபாக் போன்றவை இந்த வரிசையில் வரும். கட்டி முடித்து ஒப்படைப்பதோடு பல ஆண்டுகள் இயக்கிப் பராமரிக்கும் பொறுப்பையும் ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அதனால் ஒரே நிறுவனத்தில் கட்டுமானத் தளம், சோதனை ஓட்டம், இயக்கம் என மூன்று கட்டங்களையும் பார்க்க முடியும். வேலை கடுமையானது, மாதக்கணக்கில் தளத்திலேயே தங்க வேண்டியிருக்கும். சோதனை ஓட்டத்தில் ஆறு மாதம் இருந்தவருக்குத் தெரிவது, அலுவலகத்தில் ஐந்து ஆண்டு வரைபடம் பார்த்தவருக்குத் தெரியாது. கிடைத்தால் அந்தப் பணியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனம் துணை ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கைமாற்றும்போது, புதிதாகச் சேர்ந்தவர் யார் ஊதியப் பட்டியலில் இருக்கிறார், வருங்கால வைப்பு நிதி யார் கணக்கில் கட்டப்படுகிறது என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது வாசல் பம்புத் தொழில். இதற்குக் கோயம்புத்தூரை விட்டால் வேறு ஊர் இல்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாட்டு ஏற்றத்தின் இடத்தை மின்பம்பு பிடிக்கத் தொடங்கியது. பஞ்சாலை இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பழகிய பட்டறைகள் பம்பு செய்யத் தொடங்கின, ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் 1937-ல் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். வார்ப்பாலை முதல் சோதனை மேடை வரை பம்பின் எல்லா உறுப்புகளும் இன்று அந்த நகரைச் சுற்றியே உருவாகின்றன. சிட்டார்க் போன்ற சோதனை ஆய்வகமும் அங்கே இருக்கிறது. இங்கே தொடங்குபவர் வார்ப்புக் குறை, இம்பெல்லர் சமநிலை, செயல்திறன் வரைகோடு, இந்தியத் தர நிர்ணயச் சோதனைகள் ஆகியவற்றைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்வார். ஆனால், தொழிற்சாலையை விட்டுப் போன பம்பு எந்தச் சம்பில், எந்தக் குழாயில், எப்படிப்பட்ட மின்னழுத்தத்தில் ஓடுகிறது என்பது அவர் கண்ணுக்கு எட்டாது. விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவில் ஓராண்டு இருந்தால் அந்தக் குறை தீரும்.

நான்காவது வாசல் ஆலைகளின் நீர். நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்ட வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை முழுமையாக மீட்காத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு ஆலைகள் மாறின. சவ்வு வடிகட்டிகள், பல அடுக்கு ஆவியாக்கிகள், ஆவியை மீண்டும் அழுத்திச் சூடேற்றும் கம்ப்ரசர்கள், உப்பைப் படிகமாக்கும் கலன்கள் எல்லாம் ஊருக்குள் வந்தன. வெப்ப இயக்கவியலும் வெப்பப் பரிமாற்றமும் அன்றாடம் பயன்படும் இடம் தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர் சவ்வூடுபரவல் வரை சுத்திகரித்து ஆலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் 2019-ல் தொடங்கின. குடிநீரை ஆலைகளுக்குத் தராமல் காக்கும் இந்த வழி இனி மற்ற நகரங்களுக்கும் பரவும்.

ஐந்தாவது வாசல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். மீஞ்சூர் நிலையம் 2010-லும் நெம்மேலி 2013-லும் தொடங்கின. இரண்டும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர். நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தின் தாளையடியிலும் 2024-ல் ஒரு நிலையம் தொடங்கியிருக்கிறது. கடல்நீரின் சவ்வூடு அழுத்தமே 27 பார் அளவில் இருப்பதால், சவ்வின் வழியே நன்னீரைப் பிரிக்க 55 முதல் 70 பார் வரை அழுத்தம் தர வேண்டியிருக்கிறது. ஒரு கன மீட்டர் நீருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். 10 கோடி லிட்டர் நிலையத்துக்கு நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் யூனிட் அளவில் வரும். வெளியேறும் உப்புநீரில் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தை உள்ளே வரும் கடல்நீருக்கு மாற்றித் தரும் கருவிகள் வந்திராவிட்டால் இச்செலவு மிகவும் கூடியிருக்கும். உயரழுத்தப் பம்பு, அதிர்வு, உப்பு அரிப்பைத் தாங்கும் டியூப்ளெக்ஸ் எஃகு எனப் பாடப்புத்தகத்தின் கடினமான பக்கங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இங்கே பழகியவர்களுக்கு வளைகுடா நாடுகளின் கதவுகளும் திறக்கும். அங்குள்ள நிலையங்களில் தமிழ்ப் பொறியாளர்கள் நெடுங்காலமாகவே பணியாற்றிவருகிறார்கள்.

பம்பு அறையில் கற்கும் பாடம்

எந்த வாசலில் நுழைந்தாலும் முதல் ஆண்டுகளில் கைவர வேண்டிய திறன்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்: பம்பையும் மோட்டாரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது.

புதிய மோட்டார் வந்து இறங்கியதும் முதலில் அடித்தட்டின் மட்டம் பார்க்கப்படும். பிறகு கப்ளிங்கின் ஒரு பக்கத்தில் டயல் கேஜைப் பொருத்தி, ஷாஃப்டைக் கையால் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, மேல், வலம், கீழ், இடம் என நான்கு இடங்களிலும் அளவு குறிக்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் மோட்டாரின் காலடியில் மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ திருத்துவார்கள். மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளுக்குள் அளவு வந்த பிறகுதான் போல்ட்டை இறுக்குவது. அதோடு முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. குழாயின் ஃபிளான்ஜ் பம்பின் ஃபிளான்ஜோடு இயல்பாகப் பொருந்தாமல் இருந்தால், அவசரத்தில் போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்த்துவிடுவார்கள். அந்த இழுப்பே பம்பை நேர்கோட்டிலிருந்து நகர்த்திவிடும். ஆகவே குழாயை இணைத்த பிறகு இன்னொரு முறை டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் முறை அளவெடுப்பைத் தவிர்த்த நிலையங்களில் பேரிங்குகள் தம் காலத்துக்கு வெகு முன்பே போய்விடும். பேரிங்கைக் குறை சொல்லிப் புதிது வாங்குவார்கள், அதுவும் விரைவில் போகும்.

இது புத்தகத்தில் இருக்கும் செய்திதான். ஆனால் ஷிம் தகட்டைக் கையில் எடுத்து, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஃபிட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். நீரேற்று நிலையங்களில் ஃபிட்டர்களும் பம்பு இயக்குநர்களும் சேர்த்துவைத்திருக்கும் அறிவு எந்தக் கையேட்டிலும் முழுமையாக இல்லை. அவர்களிடம் மரியாதையோடு கேட்டுக் கற்பவரே நல்ல பொறியாளராக வளர்கிறார்.

அடுத்தது, பம்பின் செயல்திறன் வரைகோட்டையும் குழாய் அமைப்பின் வரைகோட்டையும் சேர்த்துப் படிப்பது. இரண்டும் வெட்டும் புள்ளியில்தான் பம்பு ஓடும். பம்பு நல்லதாக இருந்தும் தவறான புள்ளியில் ஓடினால் மின்சாரமும் போகும், இயந்திரமும் போகும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் போதாவிட்டால் நீருக்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகி, இம்பெல்லர் மேல் வெடித்து உலோகத்தை அரிக்கும். சரளைக்கல் உருளுவதைப் போன்ற அந்த ஓசையைக் காதாலேயே அறிந்துகொள்ளப் பழக வேண்டும். சாதாரண மைய விலகு பம்பைத் தொடங்கும்போது வெளியேற்று வால்வை மூடிவைத்தால் மோட்டாரின் சுமை குறையும். அச்சுப் பாய்வு பம்பில் அப்படிச் செய்தால் சுமை உச்சத்துக்குப் போய்விடும். இந்த வேறுபாடு தெரியாமல் கைவைக்கக் கூடாது.

மூன்றாவது, நீர் அடி. மின்சாரம் திடீரென்று போய்ப் பம்பு நின்றால், எஃகுக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் சட்டென்று தடைப்படும்போது சுமார் 100 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்த அலை எழக்கூடும். பல கிலோமீட்டர் நீளக் குழாயையே அது கிழித்துவிடும். காற்றுக் கலன், ஏர் வால்வு, நான்-ரிட்டர்ன் வால்வு ஆகியவற்றின் தேர்வும் பராமரிப்பும் இதற்காகத்தான். ஆண்டுக்கணக்கில் திறந்து பார்க்காத ஏர் வால்வு, இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நான்காவது, வேகக் கட்டுப்பாடு. பம்பின் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் அதன் மின்தேவை 27 சதவீதம் வரை குறையும் என்பது விதி. ஆனால் நீரை உயரத்துக்கு ஏற்றுவதே முதன்மை வேலையாக உள்ள இடத்தில் அந்தச் சேமிப்பு முழுமையாகக் கிடைக்காது. கருவி விற்பவர் சொல்லும் சேமிப்புக் கணக்கை அப்படியே ஏற்காமல், நிலையத்தின் வரைகோட்டை வைத்துச் சரிபார்ப்பது பொறியாளரின் கடமை.

உயிரோடு விளையாடக் கூடாத துறை

கழிவுநீர்ப் பக்கத்தில் வேலை தொடங்குபவருக்குத் தொழில்நுட்பத்துக்கு முன்பாக ஒரு பாடம் இருக்கிறது. கழிவுநீர் உந்து நிலையத்தின் கிணற்றிலும் ஆள்நுழைவுக் குழியிலும் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அந்த வாயு, செறிவு கூடியதும் மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் மீள்வதில்லை. காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே முடிவை அடைவது ஆண்டுதோறும் நடக்கிறது. மனிதர் கையால் மலம் அள்ளுவதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. பாதாளச் சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமும் இழப்பீடும் போதவில்லை. மனிதர் இறங்கத் தேவையில்லாத அமைப்பை உருவாக்க வேண்டும்.

அங்கேதான் இயந்திரவியலாளரின் பங்கு வருகிறது. கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கித் தூர்வாரும் பாண்டிகூட் என்ற ரோபோவை 2018-ல் களத்துக்குக் கொண்டுவந்தது. கருவி அளவில் சிறியதாக இருந்தாலும், படித்த படிப்பு ஒரு சாவைத் தடுக்க முடியும் என்று காட்டியது. துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றி அடைத்துக்கொள்ளாத இம்பெல்லர், மேலிருந்தபடியே தூக்கி எடுக்கக்கூடிய நீர்மூழ்கிப் பம்பு, தானே குப்பையை வாரும் சல்லடை என்று வடிவமைப்பில் செய்யக்கூடியவை இன்னும் நிறைய உண்டு. வாயு அளக்கும் கருவியும் காற்றோட்டமும் மீட்புக் கயிறும் இல்லாமல் யாரையும் குழிக்குள் அனுப்ப மறுப்பது, சேர்ந்த முதல் நாளிலிருந்தே இளம் பொறியாளரின் பொறுப்பு. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

எங்கே தொடங்குவது?

ஐந்து வாசல்களையும் எடைபோட்டுப் பார்த்தால் ஊதியம், ஊர், குடும்பச் சூழல் என்று ஒவ்வொருவரின் விடையும் வேறுபடும். ஆனால் ஒரு கருத்தைத் தயங்காமல் சொல்லலாம்: முதல் மூன்று ஆண்டுகளை இயந்திரம் ஓடும் இடத்தில் செலவிடுங்கள். நீரேற்று நிலையமானாலும் சுத்திகரிப்பு நிலையமானாலும் சரி, ஆலையின் ஆவியாக்கிப் பிரிவானாலும் சரி, ஷிஃப்டில் நின்று பதிவேட்டைப் படித்து, கோளாறைத் தேடிக் கண்டுபிடித்து, திருத்திய பிறகு அளந்து பார்த்தவர் பின்னாளில் வடிவமைப்பாளராகவோ, திட்ட மேலாளராகவோ, வாரியத்தின் செயற்பொறியாளராகவோ வரும்போது அவர் எடுக்கும் முடிவுகளில் பிழை குறையும். அரசுத் தேர்வுக்குத் தயாராகிறவரும் அந்தக் காத்திருப்புக் காலத்தை ஏதேனும் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தபடி கழிக்கலாம். தேர்வறையில் அந்த அனுபவம் சுமையாக இருக்காது.

அரசும் கல்லூரிகளும் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. இயந்திரவியல் மாணவர்களின் உள்ளகப் பயிற்சிக்கு நீரேற்று நிலையங்களைத் திறந்துவிட வேண்டும். இயக்கப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒரு கன மீட்டர் நீருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்பதை அளந்து, அதன்படி பணம் தர வேண்டும். ஒவ்வொரு பெரிய நிலையத்துக்கும் இயந்திரவியல் படித்த ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்க வேண்டும். இவை நடந்தால் மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையே அந்தப் பொறியாளர்களின் ஊதியத்துக்குப் பெரும்பகுதி வழிசெய்யும். மேலே பார்த்த 26 லட்சம் ரூபாய்க் கணக்கு ஒரே ஒரு நிலையத்துக்கானது.

வாகனத் தொழிற்சாலையில் கிடைக்கும் வேலை ஒரு நிறுவனத்தின் விற்பனையைப் பொறுத்து ஏறி இறங்கும். தண்ணீரின் தேவை இறங்குவதில்லை. ஆழமும் தூரமும் உப்பும் கூடக்கூட அதை நகர்த்தும் பொறியாளரின் தேவையும் கூடிக்கொண்டே போகும். ஒகேனக்கல் நீர் ஓசூருக்கு ஏறும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் ஒரு பேரிங்கின் சூட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், ஒரு வால்வை நேரத்துக்குத் திறந்திருக்கிறார். அந்த வேலைக்கு நல்ல பொறியாளர்கள் போதுமான அளவில் இல்லை. படித்த படிப்பு ஊருக்கு நேரடியாகப் பயன்பட வேண்டும் என்று விரும்புகிற இளைஞருக்கு இதைவிட நேரான வழி இன்று தமிழ்நாட்டில் இல்லை.